பாலுக்கு மாற்றாக ஓட்ஸ் பால்: அடுக்களையில் எங்கே உதவும், எங்கே உதவாது?

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு மூதாட்டி ஒருவர் வந்தார். பட்டினச்சேரியைச் சேர்ந்தவர், கடற்தொழில் செய்யும் குடும்பம். (அவரை எவரும் அடையாளம் காணாதவாறு சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.) மருந்துச் சீட்டுகள் இருந்த பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியையும் எடுத்து மேசை மீது வைத்தார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு டசன் பெட்டிகள் வாங்கிக் கொடுத்திருந்தானாம். தேநீர் குடித்தால் வயிறு உப்புகிறது, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பசும்பால், தயிர், மோர் மூன்றையும் அறவே நிறுத்தி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த இடத்தை இப்போது ஓட்ஸ் பால் பிடித்திருந்தது. வயிற்று உப்புசம் குறையவில்லை. இரத்தச் சர்க்கரை மட்டும் ஏறியிருந்தது.

பழைய சீட்டுகளைப் புரட்டியபோது காரணம் புலப்பட்டது. உப்புசம் தொடங்கிய அதே மாதத்தில்தான் அவருடைய மெட்ஃபார்மின் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருந்தது. அம்மாத்திரை சிலருக்கு வாயுவையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். வெறும் வயிற்றில் விழுங்கினால் தொல்லை இன்னும் அதிகம். அவரோ காலைத் தேநீரோடு அதை விழுங்கி வந்தார். பழியைச் சுமந்தது பால்.

எல்லோருக்கும் இப்படித்தான் என்று நாங்கள் கூறவில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தைப் பருவம் கடந்தபின் நம்மில் பலருக்கு இது குறைந்துவிடுகிறது. 1981-இல் வெளியான ஆய்வொன்றில் புதுச்சேரி, திருவனந்தபுரம் ஆகிய தென்னிந்திய மையங்களில் பரிசோதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ 67 விழுக்காட்டினருக்கு லாக்டோஸ் ஒவ்வாமை இருந்தது. தில்லியில் அது 27 விழுக்காடுதான். ஆக, பால் குடித்தால் வயிறு இரைவது நம் பக்கத்தில் நோயே அன்று, பெரும்பாலோரின் இயல்பு. ஆனால் நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை தாங்குவர். ஒரு தம்ளர் பாலில் இருப்பது சுமார் 10 கிராம். தயிரில் கிருமிகள் அதில் ஒரு பங்கை முன்னரே உண்டுவிடுவதால் தொல்லை மேலும் குறைவு. எனவே, இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்துப் பின்னர் அரைத் தம்ளராகத் தொடங்குவதே நாங்கள் சொல்லும் எளிய சோதனை. மீண்டும் தொல்லை வந்தால்தான் பால் குற்றவாளி.

பால் புரத ஒவ்வாமை முற்றிலும் வேறு. அது பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கு வருவது. தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரை போகக்கூடியது. அவர்களுக்குத் தயிரும் ஆகாது, லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது. அத்தகைய வீடுகளில் மாற்றுப் பால் தேர்வு மருத்துவர் துணையோடு மட்டுமே நடக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் ஓட்ஸ் பாலைத் தாய்ப்பாலுக்கோ குழந்தைப் பால்மாவுக்கோ மாற்றாகக் கொடுக்கலாகாது. அதில் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் இல்லை.

இனி, பெட்டியின் உள்ளே இருப்பது என்ன? சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் உருவாக்கிய முறையே இன்றும் கையாளப்படுகிறது. ஓட்ஸை நீரில் அரைத்து, நொதிகளைச் சேர்த்து, அதன் மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக உடைக்கிறார்கள். அப்போது பிறக்கும் மால்ட்டோஸ்தான் அதன் இனிப்பு. ஒரு கரண்டிச் சர்க்கரைகூடப் போடாமலே இனிக்கும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் இந்த இனிப்பு அதில் இருக்கும். ஆனால் மால்ட்டோஸ் இரத்தத்தில் விரைந்து ஏறும். அம்மூதாட்டி நாளொன்றுக்கு மூன்று தம்ளர் குடித்து வந்தார்.

சுண்ணாம்புச் சத்திலும் கவனம் வேண்டும். 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியமும் 3 கிராமுக்குச் சற்று மேலான புரதமும் உண்டு. வீட்டில் அரைக்கும் ஓட்ஸ் பாலில் புரதம் ஒரு கிராம் அளவுதான். கால்சியம் மிகச் சொற்பம். கடைப் பெட்டிகளில் சிலவற்றில் கால்சியம் சேர்த்திருப்பார்கள். அது அடியில் படியும் என்பதால் குலுக்கி ஊற்ற வேண்டும். தைராய்டு மாத்திரை உண்போர் இத்தகைய பானத்துக்கும் மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். சிறுநீரக நோயாளிகள் 'பாஸ்பேட்' என்ற சொல் அட்டையில் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் எங்களிடம் கேட்ட பிறகே வாங்குக.

அடுக்களைக்கு வருவோம். ஓட்ஸ் பால் வீட்டிலேயே எளிதில் ஆகும். ஒரு குவளை ஓட்ஸுக்கு நான்கு குவளை குளிர்ந்த நீர். மிக்ஸியில் அரை நிமிடம், அதற்கு மேல் வேண்டா. மெல்லிய துணியில் பிழியாமல் வடிக்க வேண்டும். அதிகம் அரைத்தாலும் பிழிந்தாலும் கொழகொழப்பாகும். குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். சக்கையை எறியாதீர்கள், அடை மாவில் சேரும். உண்மையில், கொழுப்பைக் குறைக்க உதவும் நார்ச்சத்தில் ஒரு பங்கு அந்தச் சக்கையில்தான் இருக்கிறது. அதை வெளியே கொட்டிவிட்டு வெண்ணிற நீரைக் குடிப்பதைவிட, முழு ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சி உண்பதே மேல் என்பது எங்கள் கருத்து.

வீட்டு ஓட்ஸ் பாலைச் சுட வைத்தால் மாவுச்சத்து வெந்து கூழாகும். தேநீரில் ஊற்றிக் கொதிக்கவிட்டு ஏமாந்தவர்கள் பலர். தேநீரை வடித்த பின்பு கடைசியில் சேர்த்தால் போதும். அதே கெட்டித்தன்மை கஞ்சிக்கும் சூப்புக்கும் சேமியாப் பாயசத்துக்கும் வரமாகிறது. வெல்லப் பாயசத்தில் இன்னொரு வசதி: வெல்லம் பட்டால் பசும்பால் திரிவதுபோல் இது திரிவதில்லை.

எந்தப் பண்டத்தில் இது பலிக்கும் என்பதை அறிய ஒரு வழி உண்டு. பண்டத்தைக் கட்டி நிறுத்துவது முட்டையோ மாவோ என்றால் ஓட்ஸ் பால் பலிக்கும். பாலின் புரதமே கட்டி நிறுத்துகிறது என்றால் பலிக்காது. தயிர் உறையாது, பனீர் திரளாது, திரட்டுப்பால் ஆகாது. கேக்கிலோ முட்டையும் மாவும் வேலை செய்கின்றன; எனவே பால் எவ்வளவோ அவ்வளவே ஓட்ஸ் பால் ஊற்றலாம். மோர் கேட்கும் செய்முறையில், ஒரு குவளை ஓட்ஸ் பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்தால் ஆப்பச்சோடாவுக்கு வேண்டிய புளிப்பு கிடைக்கும். மேற்புறம் சற்று வெளிறியிருக்கக்கூடும். நிறத்தை நம்பாமல் குச்சியால் குத்திப் பார்த்து இறக்குக. பாலை நீக்கிவிட்டு வெண்ணெய்க்குப் பதிலாக வனஸ்பதியை அள்ளிப் போடுவதில் பயனில்லை. புரத ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் செய்வதாயின், கடைக் கேக் மாவிலும் சாக்லேட்டிலும் பால் பொருள் கலந்திருக்கும் என்பதை மறவாதீர்கள்.

பால் இல்லாச் சமையல் நமக்குப் புதிதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் நோன்புக் கஞ்சிக்கும் இக்கரையில் தேங்காய்ப்பால்தான். தமிழகக் கரையோர முஸ்லிம் இல்லங்களிலும் இலங்கையிலும் செய்யும் வட்டலப்பத்தில் முட்டையும் இனிப்பும் தேங்காய்ப்பாலும்தான் முதன்மை. பசும்பாலுக்கு அங்கே வேலையே இல்லை. அதில் பாதித் தேங்காய்ப்பாலுக்கு ஓட்ஸ் பாலை இட்டாலும் முட்டை கட்டிக்கொள்ளும். தேங்காய்ப்பாலில் நிறைகொழுப்பு மிகுதி என்பதால் இதய நோயாளிகளுக்கு இந்தப் பாதிக் கலவை உகந்தது.

பாலை விட்டவர்களுக்குக் கால்சியம் தர நம் ஊரில் வழியில்லாமல் இல்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. எள்ளும் முருங்கைக்கீரையும் இருக்கின்றன. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் உண்டு. அது பட்டினச்சேரிக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

மூதாட்டியின் மாத்திரையை உணவுக்குப் பின் உண்ணும் மெல்லக் கரையும் வகைக்கு மாற்றினோம். முதலில் மதியம் மோர், பத்து நாள் கழித்துத் தயிர், பிறகு காலைத் தேநீரில் பழையபடி பால். உப்புசம் திரும்பவில்லை. அடுத்த முறை வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: வீட்டில் மிச்சமிருக்கும் ஏழு பெட்டிகளை என்ன செய்வது? காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்கு ஒன்றையும் வட்டலப்பத்துக்கு ஒன்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். மீதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டதாக மருமகள் பின்னர் தெரிவித்தார்.