ருஷியக் குடும்பத்துக்கு ஒரு வீடு

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கடலோரமாகப் பிரைட்டன் பீச் என்றொரு பேட்டை இருக்கிறது. 1970-களில் சோவியத் நாட்டிலிருந்து வெளியேறியவர்கள், பெரும்பாலும் யூதர்கள், அங்கே வந்து திரண்டனர். ஒடெஸ்ஸா நகரத்தார் மிகுதியாதலால் 'சின்ன ஒடெஸ்ஸா' என்றே அதற்குப் பெயர் வந்தது. இம்மக்களுக்கு வீடு வாங்க உதவும் தரகருக்கு ருஷிய மொழி தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது என்றே நாம் கருதுகிறோம்.

சோவியத் நகரங்களில் வீடு பெரும்பாலும் விலைக்கு வாங்கும் பொருளாக இருக்கவில்லை. அரசோ தொழிற்சாலையோ ஒதுக்கித் தரும். அதற்குப் பல ஆண்டுகள் வரிசையில் காத்திருக்க வேண்டும். ரெயில்வே குவார்ட்டர்ஸுக்கு மனுப்போட்டுக் காத்திருந்த நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். குடியிருந்த அரசு வீட்டையே சொந்தமாக்கிக்கொள்ள ருஷியாவில் சட்டம் வந்தது 1991-இல்தான்.

பணத்தைப் பற்றிய மனநிலை இன்னும் ஆழமானது. 1991 ஜனவரியில் 50, 100 ரூபிள் நோட்டுக்கள் திடீரென்று செல்லாதவையாயின. மாற்றிக்கொள்ள மூன்றே நாள் தவணை. மறு ஆண்டு ஏறிய விலைவாசி, வாழ்நாள் சேமிப்பை விழுங்கிவிட்டது. இவற்றைக் கண்ட முதியவர் வங்கியை நம்பாமல் பணத்தை வீட்டில் வைத்திருந்தால் அவரைக் குறை கூறலாமா? ஆனால் அமெரிக்க வங்கியோ, கணக்கில் புதிதாக வந்த பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்கும். மகனுக்குத் தந்தை கொடுத்ததாயின், திருப்பிக் கேட்பதில்லை என்று தந்தை எழுதித் தரவேண்டும். தந்தைக்கு இது அவமதிப்பாகத் தோன்றும். ஒருநாளும் கடன்படாதவன் என்று அவர் பெருமை பேசினால், கடன் வாங்கி ஒழுங்காகத் தீர்த்த வரலாறு எங்கே என்று வங்கி வினவும்! முப்பதாண்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இவற்றையெல்லாம் பொறுமையாக எடுத்துரைப்பவனே உண்மையில் உதவி செய்பவன்.

சொல்லிலும் மயக்கம் உண்டு. ருஷியர் 'மூன்றறை வீடு' என்றால் கூடத்தையும் சேர்த்தே எண்ணுவர். சமையலறை கணக்கில் வராது. அமெரிக்கரோ படுக்கையறைகளை மட்டும் எண்ணுவர். ஆகவே அவர் தேடுவது அங்கே இரண்டு படுக்கையறை வீடு. 'ஐம்பது மீட்டர்' என்று அவர் கூறினால் ஏறக்குறைய 538 சதுர அடி.

"அத்தெருவில் நம்மவர் இருக்கிறார்களா?" என்று அவர் கேட்பது இயல்பு. நாமும் அதைத்தானே முதலில் கேட்கிறோம்! ஆனால் இனம், மதம், பிறந்த நாடு பார்த்து வாங்குவோரை ஒரு தெருவுக்குத் திருப்பிவிடுவது 1968-ஆம் ஆண்டின் வீட்டுரிமைச் சட்டப்படி குற்றமாதலால், தரகர் இதற்கு விடை கூறத் தயங்குவார். ஏதோ மறைக்கிறார் என்று ஐயுறாதபடி சட்டத்தை முன்னதாகவே சொல்லிவிடவேண்டும்.

நியூயார்க்கில் பல அடுக்குமாடிகள் கூட்டுறவுச் சங்கத்தினுடையவை. வாங்குபவருக்குக் கிடைப்பது வீட்டுக் கிரயப் பத்திரமன்று, சங்கப் பங்குகளே. பம்பாய் ஹவுசிங் சொசைட்டியில் பங்குச் சான்று பெற்ற அன்பர்களுக்கு இது புதிதன்று. சங்க நிர்வாகிகள் நேரில் அழைத்து விசாரிப்பர், வேண்டாமென்றும் சொல்லலாம்.

புதுமனையில் நாம் பசுவையும் கன்றையும் முதலில் அழைத்துச் செல்வது போல, ருஷியர் பூனையை முதலில் உள்ளே விடுவர். சில கட்டடங்களில் பிராணிகளுக்குத் தடை உண்டு; கையெழுத்துக்கு முன்பே அதையும் விசாரித்து வைத்தல் நலம்.