அலுமினியப் படகுக்கு ஏரா: சிறு செலவு, பெருங் கவனம்

வியாபாரத்தில் மிச்சம் பிடிப்பது தவறல்ல. எதில் மிச்சம் பிடிப்பது என்பதைத் தெரிந்திருப்பதே கெட்டித்தனம். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தமது கையாலேயே அலுமினியப் படகு கட்டுகின்றவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

அலுமினியத்தின் நிறை உருக்கின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து வீட்டு முற்றத்திலேயே சிறு படகொன்றை முடித்துவிடலாம். அமெரிக்க ஆறுகளில் ஓடும் ‘ஜோன் போட்’ இவ்வகையானது. அடி தட்டையாக இருப்பதால் ஆழமற்ற நீரிலும் ஓடும். ஆனால் அதே காரணத்தால் திருப்பும்போது பக்கவாட்டில் சறுக்கும். காற்றடித்தால் திசை மாறும். கல்லிலும் மணலிலும் உரசி அடித்தகடும் தேயும்.

இதற்குப் பரிகாரம் ஏரா. கீல் என்று சொல்வதும் இதைத்தான். அடியில் நீளவாட்டில் ஒட்டப்படும் ஓர் அலுமினியக் கோணச் சட்டமே சிறு படகுக்குப் போதும். அது படகை நேராக ஓடச் செய்யும், தகட்டுக்கு உறுதி கொடுக்கும், உரசலையும் தான் தாங்கிக்கொள்ளும்.

செலவு சிறிதுதான். நட்டம் வருவது வேலையைப் பிழையாகச் செய்வதால். நடு ஏராவைப் பின்பலகை வரை நீட்டினால் அது கலக்கிவிடும் நீரும் காற்றும் இயந்திரத்தின் விசிறிக்குள் போகும். விசிறி பிடிப்பை இழக்கும். இயந்திரம் வீணாக இரையும். ஆகவே பின்பலகைக்கு ஓரடி முன்னதாகவாவது ஏராவை நிறுத்த வேண்டும். நடுவை விட்டு இரு பக்கமும் ஒவ்வொன்று வைப்பது இன்னொரு வழி. உயரமும் அளவோடு இருக்கட்டும். மிக உயர்ந்த ஏரா வேகமான திருப்பத்தில் நீரில் தடுக்கிப் படகையே கவிழ்த்துவிடலாம்.

வெல்டிங்கிலும் அவசரம் கூடாது. அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியசில். அதன் மேலுள்ள ஒட்சைட்டுப் படலமோ 2000 பாகையைத் தாண்டித்தான் உருகும். எனவே எண்ணெய்ப் பசையை முதலில் போக்கி, வேறெதற்கும் பாவிக்காத கறையில் உருக்குத் தூரிகையால் தேய்த்த பின்னரே ஒட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஒட்டினால் தகடு நெளியும். இடம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஒட்ட வேண்டும். ஆனால் உப்பு நீரில் ஓடும் படகானால் முடிவில் இடைவெளியே இருக்கக் கூடாது. இடுக்கில் தங்கும் உப்பு நீர் உலோகத்தை அரித்துவிடும். ஏராவின் இரு முனைகளையும் சரிவாக்கி, உள்ளே குறுக்குச் சட்டம் உள்ள இடத்தில் முடித்தால் தகடு வெடிக்காது.

உயிருக்கு ஆபத்தான விடயமும் உண்டு. பழைய படகானால் எரிபொருள் தாங்கியையும், மிதப்பதற்காக உள்ளே அடைத்துள்ள நுரையையும் முதலில் அகற்ற வேண்டும். அந்த நுரை எரிந்தால் நச்சுப் புகை வரும்.

வேலை முடிந்ததும் ஒட்டின் வெளிப்புறம் சோக்குப் பூசி, உட்புறம் மண்ணெண்ணெய் தடவிப் பாருங்கள். கசிவிருந்தால் சோக்கு நனைந்து காட்டிக் கொடுக்கும். செம்பு கலந்த அடிப்பூச்சு மட்டும் வேண்டாம்; அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

படகு கட்டும்போதே ஏராவையும் சேர்த்துவிட்டால் செலவு ஒருமுறைதான். பிறகு பார்ப்போம் என்று விட்டால், கட்டிய படகைக் கவிழ்த்துப் போட்டு, பூச்சைச் சுரண்டி மீண்டும் தொடங்க வேண்டும். மிச்சம் பிடித்த காசு அந்தக் கூலிக்கே காணாது.