பழுதுபார்க்க வேண்டிய பழைய மோட்டார் படகை வாங்குதல்

பழுதுபார்க்க வேண்டிய பழைய மோட்டார் படகு என்பது, பெரிய அளவில் செப்பனிட்ட பிறகே நீரில் இறக்கக்கூடிய, குறைந்த விலைக்குக் கைமாறும் படகாகும். வட அமெரிக்காவில் இத்தகைய படகுகள் வீட்டுப் பின்புறங்களில் பல ஆண்டுகள் கிடந்த பின், சொற்ப விலைக்கோ இலவசமாகவோ கொடுக்கப்படுவதுண்டு. இவற்றுள் பெரும்பாலானவை சுமார் 14 முதல் 22 அடி நீளமுள்ள, பெட்ரோலில் ஓடும் கண்ணாடியிழைப் படகுகள். தமிழகக் கடற்கரையில் 'ஃபைபர் படகு' என வழங்கப்படுவதும் இதே பொருளால் ஆனதே.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழி இப்படகுகளுக்கு நன்கு பொருந்தும். வாங்கும் விலை மொத்தச் செலவில் சிறு பகுதியே. மீதிச் செலவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வெளியே தெரியும் கீறலோ மங்கிய வண்ணமோ அன்று. கண்ணாடியிழைக்குள் மறைந்திருக்கும் மரமே.

பின்னணி

ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார், படகின் பின்புறத்தில் மாட்டும் வெளிப்பொருத்து மோட்டார் பரவலாக வழிவகுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிறு படகுக் கட்டுமானத்தில் மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழை பிடித்தது. 1959இல் வோல்வோ பென்டா நிறுவனம், எஞ்சின் படகுக்குள்ளும் செலுத்தும் பகுதி வெளியிலுமாக அமைந்த இயக்கமுறையை அறிமுகப்படுத்தியது. இன்று மலிவாகக் கிடைக்கும் பழைய படகுகளில் பல இவ்விரு வகைகளுள் ஒன்றைச் சேர்ந்தவை.

மறைந்திருக்கும் மரம்

கண்ணாடியிழை அழுகுவதில்லை. ஆனால் பழைய படகுகள் பலவற்றில் மோட்டாரைத் தாங்கும் பின்பலகை, அடிப்பகுதிக்கு வலுவூட்டும் நெடுக்குச் சட்டங்கள், தளம் ஆகியவை கண்ணாடியிழையால் மூடப்பட்ட மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் ஆனவை. திருகாணித் துளைகளைச் சரியாக அடைக்காவிட்டால் அவற்றின் வழியே நீர் கசிந்து உள்ளே தங்கும். வெளித்தோல் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் மக்கிப்போகலாம்.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சுத்தியலின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென ஒலிக்கும். அழுகிய இடம் மந்தமாக ஒலிக்கும். மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகையும் சேர்ந்து வளைந்தால் அது வலுவிழந்துவிட்டது. விற்பவர் இசைந்தால், பின்பலகையின் உட்புறத்தில் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு துளையிட்டுப் பார்ப்பதே உறுதியான சோதனை. உலர்ந்த வெளிர்நிறத் தூள் வந்தால் மரம் நலமாக உள்ளது. ஈரமான கரும்பழுப்புத் தூள் வந்தால் அழுகியுள்ளது. துளையைப் பிறகு பிசினால் அடைத்துவிட வேண்டும்.

படகு மூழ்காமலிருக்கத் தளத்தின் கீழ் அடைக்கப்படும் நுரையும் நாளடைவில் நீரை உறிஞ்சக்கூடும். ஒரு கன அடி நீரின் எடை சுமார் 28 கிலோ. பத்து கன அடி நுரை முழுவதும் நனைந்தால் படகு ஏறக்குறைய 280 கிலோ கூடுதல் சுமையுடன் மிதக்கும். மிதக்க வைக்க வேண்டிய பொருளே அதைக் கீழே இழுக்கும். இதைத் தெரிந்துகொள்ளப் படகை இழுவண்டியுடன் எடைபோட்டுத் தயாரிப்பாளர் தந்த எடையுடன் ஒப்பிடலாம்.

எஞ்சின்

ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது முதற்படி. அளவுகள் ஒன்றுக்கொன்று சுமார் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைந்திருந்தால் உட்பகுதி தேய்ந்தோ சேதமடைந்தோ இருக்கலாம். கியர்ப்பெட்டி எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. குளிர்நாடுகளில் குளிர்காலத்துக்கு முன் எஞ்சினிலிருந்து நீரை வடிக்காமல் விட்டிருந்தால், நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து வார்ப்பிரும்பு எஞ்சினையே பிளந்துவிடும்.

குளிர்விக்கும் நீர் இல்லாமல் எஞ்சினைச் சில விநாடிகள் ஓட்டினாலும் நீரேற்றும் ரப்பர் சக்கரம் கருகிவிடலாம். எனவே நீர் இணைப்புக் கொடுத்தோ நீர்த் தொட்டியில் வைத்தோதான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எரிபொருளும் தீ ஆபத்தும்

பணத்தை மிச்சப்படுத்தச் செய்யும் பழுதுபார்ப்பு உயிருக்கே ஆபத்தாகக்கூடிய இடம் இது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அது மேலே கலைந்து போகாமல் படகின் அடிக்குழியில் தேங்கும். ஒரு சிறு தீப்பொறி போதும், படகு வெடித்துவிடும். ஆகவே உள்ளே எஞ்சின் உள்ள படகுகளில் கிளப்புவதற்கு முன் காற்றுவிசிறியை 4 நிமிடம் ஓட்டுமாறு எச்சரிக்கைப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும்.

காரின் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்ற உதிரிபாகங்கள் படகுக்குரியவற்றைப் போலவே தோன்றும், விலையும் குறைவு. ஆனால் படகுக்கான பாகங்கள், உள்ளே எழும் தீப்பொறி வெளியேயுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி அமைக்கப்பட்டவை. காரின் பாகங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. முந்தைய உரிமையாளர் இவற்றை மாற்றியிருக்கிறாரா என்று பார்ப்பது அவசியம். பழைய பெட்ரோல் குழாய்கள், துருவேறிய தொட்டி ஆகியவற்றை எஞ்சினைக் கிளப்பும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

ஆவணங்கள்

அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் கட்டப்பட்ட படகுகளுக்கு 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அடையாள எண் உண்டு. அது பொதுவாகப் பின்பலகையின் வலப்பக்க மேல்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த எண் ஆவணத்துடன் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். உரிமை ஆவணம் இல்லாத படகை முழுதாகச் செப்பனிட்ட பின்னும் தம் பெயரில் பதிய முடியாமல் போகலாம். படகு, எஞ்சின், இழுவண்டி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆவணம் தேவைப்படலாம்.

செலவைக் கணித்தல்

பின்பலகையை மாற்றுவதற்கு மோட்டாரைக் கழற்றி, உள்தோலை அறுத்து, அழுகிய மரத்தைச் சுரண்டியெடுத்து, புதிய ஒட்டுப்பலகையைப் பிசினால் ஒட்டி, மீண்டும் கண்ணாடியிழை போர்த்த வேண்டும். பலகையும் பிசினும் சமாளிக்கக்கூடிய செலவே. கூலி கொடுத்துச் செய்வித்தால் அச்செலவு படகின் மதிப்பையே மிஞ்சிவிடக்கூடும். எனவே இத்தகைய படகு, தானே வேலை செய்யத் தெரிந்தவருக்கும் கூரையுள்ள இடமும் நேரமும் உள்ளவருக்கும்தான் கட்டுப்படியாகும். அறுக்கும்போது எழும் தூசியிலிருந்து நுரையீரலையும், பிசினுடன் கலக்கும் கடினமாக்கியிலிருந்து கண்ணையும் காத்துக்கொள்வது கட்டாயம்.

பொதுவாக, எஞ்சின் கெட்டிருந்து உடல் நன்றாக உள்ள படகு, எஞ்சின் நன்றாயிருந்து உடல் அழுகிய படகைவிடச் சிறந்தது. வெளிப்பொருத்து மோட்டாரை ஒரே நாளில் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். படகின் உடலை அப்படி மாற்ற முடியாது.

கைவிடப்படும் படகுகள்

பாதியில் நின்றுபோன படகை அகற்றுவதும் எளிதன்று. கண்ணாடியிழையை உலோகத்தைப் போல உருக்கி மறுபடியும் பயன்படுத்த முடியாததால், பழைய படகுகள் பெரும்பாலும் வெட்டப்பட்டுக் குப்பைமேட்டுக்குச் செல்கின்றன. பிரான்சில் 2019 முதல் பழைய உல்லாசப் படகுகளைப் பிரித்தழிக்கும் தேசிய ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. அத்தகைய வசதி இல்லாத இடங்களில் அகற்றும் செலவு கடைசியாக வாங்கியவர் தலையில்தான் விழும். இலவசமாகக் கிடைக்கும் படகை ஏற்கும் முன் இச்செலவையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.