பட்டறையும் பாடத்தின் பகுதிதான்

பம்ப்செட்டின் மேலோடு மணல் அச்சிலிருந்து வெளியே வரும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். லேத்தில் ஏற்றிக் கடையும்போதுதான் உள்ளே ஒளிந்திருந்த ‘புளோ ஹோல்’ எனும் துளை தலைகாட்டும். மணலில் ஈரம் கூடினால், உருகிய இரும்பு பட்டதும் அது ஆவியாகும். வெளியேற வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கடைந்த கூலி, மின்சாரம், நேரம் அத்தனையும் வீண். மேலோடு மறுபடி உலைக்கே போகும்.

ஈரத்துக்கும் ஆவிக்கும் உள்ள கணக்கைப் பொறியியல் மாணவர் பாடமாகப் படிக்கிறார். எந்த மூலையில், எந்த மழைநாளில் துளை விழும் என்பது மோல்டிங் தொழிலாளிக்கு அத்துப்படி. ஆனால் இருவரும் ஒன்றாக நின்று அந்த மணலைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ என்று மாணவர்கள் பேருந்தில் வருகிறார்கள். வரிசையாகச் சுற்றிப் பார்த்து, குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. கல்விக்கும் தொழிலுக்கும் இடைவெளி விழுவது இங்கேதான்.

இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்று கோவை என்றோ காட்டிவிட்டது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கியது 1926-ல். அதே வளாகத்தில் பொறியியல் கல்லூரி வந்தது 1951-ல். அங்கே பட்டறை மூத்தது, வகுப்பறை இளையது. படிப்பும் தொழிற்பயிற்சியும் மாறிமாறி வரும் ஐந்தாண்டு ‘சாண்ட்விச்’ படிப்பு அந்த மண்ணில் வேர்பிடித்ததில் வியப்பில்லை. 1956-ல் உருவான ‘சிட்ரா’ எனும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இன்னொரு முன்மாதிரி. ஒன்றோடொன்று போட்டிபோடும் நூற்பாலைகளின் உற்பத்தி, செலவு, நூல்தர விவரங்களைத் திரட்டி ஒப்பிட்டு, ஒவ்வோர் ஆலையும் தான் எங்கே பின்தங்குகிறது என்று தெரிந்துகொள்ள அது வழிசெய்தது. தனியாக ஓர் ஆலை செய்ய முடியாத ஆராய்ச்சி, பொதுவில் நடந்தது.

சென்னை ஐ.ஐ.டி. 2010-ல் தரமணியில் ஆய்வுப் பூங்காவைத் திறந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே இடம்பிடிக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடு ஆய்வுத் திட்டம், மாணவர்களுக்கு வேலை என்று கூட்டுறவுக்கான ‘கிரெடிட்’ புள்ளிகளையும் ஈட்ட வேண்டும். உறவை நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் நிபந்தனையாகவே வைத்தார்கள். அதுதான் முக்கியம்.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டால் உறவு வளராது. கட்டுரை எழுதினால் பதவி உயர்வு, பட்டறையில் ஒரு பருவம் செலவழித்தால் ஒன்றுமில்லை என்றால், எந்த ஆசிரியர் பட்டறைக்குப் போவார்? அந்த உழைப்பும் பதவி உயர்வில் கணக்கில் சேர வேண்டும். அனுபவம் மிக்க தொழில்துறையினரைப் பேராசிரியர்களாக அமர்த்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-லேயே வழிவிட்டது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து சதவீதம் வரை அப்படி நியமிக்கலாம். முனைவர் பட்டம் கட்டாயமில்லை. கல்லூரிகள் அந்தக் கதவை முழுசாகத் திறக்க வேண்டும்.

முதலாளிகளுக்கும் கடமை உண்டு. ‘வர்ற பசங்களுக்கு ஒண்ணும் தெரியலை’ என்று குறைசொல்வதோடு நிற்காமல், ரிஜெக்ட் ஆன மேலோட்டையும் அதன் கணக்கையும் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொடுத்து அனுப்புங்கள். குறையை மறைக்கும் தொழிற்சாலைக்கு எந்தப் பேராசிரியராலும் உதவ முடியாது. உங்கள் ஊர்க் கல்லூரியின் அடுத்த ஆண்டு புராஜெக்ட் பட்டியலில் உங்கள் பட்டறைச் சிக்கல் ஒன்றாவது இடம்பெறட்டும்.