மாமல்லபுரத்துக்கு இன்னொரு வழி

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்வோரில் பெரும்பாலோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்று, கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் கண்டு, படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அச்சிற்பங்களுக்கு இந்தக் கவனம் தகும். ஆனால், ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் எனச் சுற்றிச் செல்பவருக்கு வேறொரு வரலாறு கிடைக்கிறது. (வரி வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்த பெயர் அது, 'கிராண்ட் சதர்ன் டிரங்க்' என்பதன் சுருக்கம்.)

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஊர்ப்பெயரைத் தந்த பாடலாத்ரி நரசிம்மர், குன்றின் பாறையைக் குடைந்த கருவறையில் அமர்ந்திருக்கிறார். ஆகவே, மூலவரை மட்டும் வலம்வர இயலாது. குன்றையே சுற்றிவர வேண்டும். அர்ச்சகர் தீப ஒளியில் காட்டும் நெற்றிக்கண்ணைக் கண்டு நெகிழ்வோர் பலர். தாம் நிற்பது ஒரு குடைவரையின் முன் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் வழியில் உள்ளது வல்லம். அங்குள்ள குன்றில் மூன்று குடைவரைகள் உள்ளன. மேலே உள்ளதை எடுப்பித்தவன் அரசன் அல்லன். மகேந்திரவர்மப் பல்லவனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன். பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் எனத் தன் பேரரசனின் பட்டப்பெயர்களை அடுக்கிவிட்டு, இந்தத் 'தேவகுல'த்தைச் செய்வித்தது தானே என்று அவன் தமிழிலேயே பொறித்து வைத்தான். ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்றரசன் தன் பெயரைத் தன் மொழியில் விட்டுச்சென்ற இடம் இது. மாமல்லபுரத்தின் பேரழகு எதுவும் இங்கில்லை. இருந்தும், அந்த எழுத்துகளின் முன் நிற்கும்போது ஏற்படும் நெருக்கத்தை எனக்கு ரதங்கள் தந்ததில்லை.

திருக்கழுக்குன்ற மலையில் உள்ள ஒருகல் மண்டபத்திலும் பெயர்கள் உண்டு. ஆனால், அவை டச்சுக்காரர்களுடையவை. அருகிலுள்ள கடற்கரை ஊரான சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த அவர்கள், பதினேழாம் நூற்றாண்டில் மலையேறி வந்து பல்லவர் குடைவரையில் தம் பெயரைக் கீறிச் சென்றனர். இன்று ஒருவர் அப்படிக் கீறினால் அது குற்றம். அன்று கீறியது ஆவணம்! சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் அவர்களின் கல்லறைகள் உள்ளன. செதுக்கு வேலைப்பாடு மிகுந்த அக்கற்களைக் காணவேனும் ஒருமுறை செல்லலாம்.

இவையெல்லாம் தப்பிப் பிழைத்தவை. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடுக்கின்றன. பட்டியலில் சேராத சின்னத்துக்கு அந்தக் காவல் இல்லை. மதுராந்தகம் அருகே சாணூரில் 1950-களின் தொடக்கத்தில் அகழ்ந்து ஆராயப்பட்டவை போன்ற பெருங்கற்காலக் கல்வட்டங்கள் இம்மாவட்டத்தில் பல இடங்களில் உண்டு. வீட்டுமனைக்கு நிலத்தைச் சமன்செய்யும் இயந்திரத்துக்கு அவை வெறும் கற்கள். ஒரே நாளில் அவை காணாமல் போகலாம். போனது யாருக்கும் தெரியவும் செய்யாது.

அயர்லாந்தை அளந்து வரைபடம் தயாரித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவையாளர்கள், வயல்களில் கிடந்த பழங்கோட்டை வட்டங்களையும் நடுகற்களையும் கூட அதில் குறித்தனர். அவற்றில் சில பின்னர் அழிந்தன; எங்கிருந்தன என்பதாவது எஞ்சியது. நம் ஊராட்சிகள் தம் எல்லைக்குள் உள்ள பழங்கற்களைப் படத்தோடும் சர்வே எண்ணோடும் பதிவேட்டில் ஏற்ற அதிகப் பணம் தேவைப்படாது.

கல்வெட்டை ஊன்றிப் படிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சாளுவன்குப்பமே சான்று. 2004 ஆழிப்பேரலை அங்கு மணலை அரித்து, பாறையில் இருந்த கல்வெட்டுகளை வெளிப்படுத்தியது. அவை குறிப்பிட்ட கோயிலைத் தேடிய தொல்லியல் துறையினர், 2005-இல் மணலுக்கடியில் செங்கல்லால் ஆன முருகன் கோயிலையும் ஒரு கல்வேலையும் கண்டெடுத்தனர். பேருந்துகள் வந்து நிற்கும் புலிக்குகையிலிருந்து அது நடந்து செல்லும் தொலைவுதான்.