அடகு போன இரும்பு

சென்னை கீழ்க்கட்டளை வாசகர் ஒருவர், யாரோ ஒருவருடைய தோப்பில் நெடுநாள் நின்று நைந்துபோன பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்து மறுபடி பூட்டும் பகீரதப் பிரயத்தனத்தில் இறங்கியிருக்கிறார். புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்த பாகங்களும் தம் வண்டியிலிருந்து கழற்றிய பாகங்களும் போட்டி போட்டுக்கொண்டு துருவேறிக் கிடப்பதாகச் சொல்லி, சலவைச் சோடாக் கரைசலில் அவற்றைப் போட்டு பேட்டரி சார்ஜரை இணைத்தால் துரு மீண்டும் இரும்பாகிவிடும் என்று வீடியோக்களில் சத்தியம் செய்கிறார்களே, அது மெய்தானா என்று கேட்கிறார். பாதி மெய், அந்தப் பாதிதான் ரசமானது.

புதுப்பேட்டைக்குப் போனது விவேகமான காரியமே. ஜீப்பின் ஆதி வடிவத்தை அதிகம் மாற்றாமல் பல பத்தாண்டுகள் இங்கே உற்பத்தி செய்துவந்ததால், ஒரு வண்டியின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தும் சாத்தியம் அதிகம். வாங்கும்போது துருவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விரிசலுக்கும் தேய்ந்த மரைக்கும்தான் அஞ்ச வேண்டும். பையில் ஒரு நல்ல நட்டை வைத்துக்கொண்டு போய்ப் போல்ட்டுகளில் மாட்டிப் பாருங்கள்.

சரித்திரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்காவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். 1940இல் அமெரிக்க ராணுவத்துக்காக பாண்டம் என்ற சிறு கம்பெனி முதல் மாதிரியைச் செய்து காட்ட, வில்லிஸும் ஃபோர்டும் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட எஃப் எழுத்தைப் பொறித்தது. 1940களின் இறுதியில் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. இந்தச் சோடாத் தொட்டி வித்தைக்கு அடிப்படையான மின்னாற்பகுப்பின் விதிகளையோ ஃபாரடே 1834லேயே வெளியிட்டுவிட்டார். ஆகவே வீடியோக்காரர்கள் சொல்லும் 'ரகசியம்' இருநூறு வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

இரும்பு தன் எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் பறிகொடுப்பதை, நகையை அடகு வைப்பதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் அடகுக் கடைக்காரர். துரு, அவர் எழுதிக் கொடுத்த சீட்டு. கீழ்க்கட்டளைக்கு நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டருக்குள் கடல் இருக்க, அங்கிருந்து வரும் உப்புக்காற்று கடைக்கு ஆள் பிடிக்கும் தரகன். இதில் விசித்திரம், சீட்டு நகையைவிட அதிக இடத்தை அடைப்பது: துரு, தனக்கு மூலமான இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் பருமன் உடையது. மரையிடுக்கில் அது வீங்கிக்கொள்வதால்தான் நட்டு ஸ்பானருக்கு அசைய மறுக்கிறது.

இப்போது பாகத்தைச் சோடாக் கரைசலில் தொங்கவிட்டுச் சார்ஜரின் எதிர்முனையோடும், காயலாங்கடை இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையோடும் கட்டினால், சார்ஜர் எலெக்ட்ரான்களைப் பாகத்துக்குள் திணிக்கிறது. அந்தத் தகடு, ஜாமீன் கையெழுத்துப் போட்ட சம்பந்தி. கடன் முழுவதும் அவர் தலையில் விடிந்து, அவர்தாம் துருவேறி நைகிறார். ஆனால் நகை மீள்கிறதா? சிவப்புத் துருவிலுள்ள மூன்று இரும்பு அணுக்களுக்கு ஒரே ஓர் எலெக்ட்ரான் திரும்பி வந்தாலே அது கறுப்பு மேக்னடைட்டாக மாறிவிடுகிறது; பெரும்பாலும் அதோடு சரி. வட்டி கட்டிச் சீட்டைக் கறுப்பு மையில் புதுப்பித்ததுதான் மிச்சம்! ஆயினும் புதுச் சீட்டு அளவில் சிறியது. ஆகையால் துருப்படலம் சுருங்கி, வெடித்து, பிடிப்புத் தளர்கிறது. எஞ்சிய எலெக்ட்ரான்கள் தண்ணீரைப் பிளந்து உண்டாக்கும் ஹைட்ரஜன், இரும்பின் மேனியிலேயே குமிழிகளாகப் பொங்கி, அந்தப் படலத்தை அடியிலிருந்து நெம்பித் தள்ளுகிறது. அமிலத்தில் போட்டிருந்தால் துருவோடு நல்ல இரும்பும் கரைந்திருக்கும்; இங்கே மின்சாரம் ஓடும் வரையில் அது காவலில் இருக்கிறது. இந்த நாசூக்கு அமிலத்துக்குக் கிடையாது.

2 ஆம்பியர் மின்சாரம் 10 மணி நேரம் ஓடினால், சுமார் 9 லிட்டர் ஹைட்ரஜன் வரை கிளம்பக்கூடும். அதனால் மூடிய ஷெட்டில் இதைச் செய்யாதீர்கள். சார்ஜரை அணைத்த பிறகே கம்பியைக் கழற்றுங்கள். ஜாமீன்தாராக வீட்டு எவர்சில்வர் தட்டைக் கட்டாதீர்கள்: அதிலுள்ள குரோமியம் விஷமாகக் கரைந்து வரும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் கிளம்பக்கூடும். அலுமினிய, துத்தநாகக் கலவையிலான கார்புரேட்டரைச் சோடாவே தின்றுவிடும். ஸ்பிரிங் பட்டைகளும் கடினமூட்டிய போல்ட்டுகளும் ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொண்டு நொறுங்கும் இயல்பைப் பெறலாம். அவற்றுக்குக் கம்பித் தூரிகையே உத்தமம். துரு குழி பறித்த பிரேக் குழாய்களை எந்த ரசாயனமும் மீட்காது, புதிதாக வாங்குங்கள்.

தொட்டியிலிருந்து எடுத்த இரும்பு பிறந்த மேனியாக இருக்கும். நம் ஊர்க் காற்றில் ஒரு மணி நேரத்துக்குள் மேலே மெல்லிய செம்மை படரத் தொடங்கிவிடும். கழுவித் துடைத்து உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் பூசிவிடுங்கள்.