காமிராவும் சேலத்து வெயிலும்

புதிதாகக் காமிரா வாங்கிய வாலிபர்கள் நம்மிடம் விசாரிப்பதெல்லாம் பெரும்பாலும் லென்ஸைப் பற்றியும் விலையைப் பற்றியுமே. எந்த மாதத்தில் கற்கத் தொடங்கலாம் என்று ஒருவரும் கேட்பதில்லை. திறந்த வெளியில் படம் பிடிக்க விரும்புகிறவருக்கு அதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

மேல்நாட்டுப் புத்தகங்களைப் படித்தவர்கள், கோடையே ஏற்ற காலம் என்று நம்பிச் சித்திரை வெயிலில் புறப்பட்டு விடுகிறார்கள். அந்நூல்கள் அந்நாட்டு வானத்துக்காக எழுதப்பட்டவை. டிசம்பர்க் கடைசியில் லண்டனில் நண்பகற் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் எழும்புகிறது; நடுக்கோடையிலும் 62 டிகிரியே. சேலத்திலோ மார்கழி நண்பகலிலேயே 55 டிகிரி! ஆகவே அவர்களுடைய கோடைப் பாடத்தை நாம் மார்கழியில்தான் படிக்க வேண்டும்.

சேலம் நகருக்கு வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. விடியற்காலையில் பனி இறங்கியிருந்தால் அருகிலுள்ள பனைமரம் கறுப்பாகவும், அதற்கப்பாலுள்ள தோப்பு சாம்பல் நிறமாகவும், மலை வெறும் சாயலாகவும் தோன்றும். தட்டையான படத்தில் தூரத்தைக் காட்டும் வித்தையை இதைவிட எளிதாகக் கற்பிக்கும் ஆசான் இல்லை. அம்மாபேட்டைப் பக்கம் போனால் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டி நெசவாளர்கள் இழை சரிசெய்யும் காட்சி கிடைக்கலாம். சூரியனை முதுகுப்புறம் வைத்து எடுத்தால் பாவு ஒரு வெள்ளைத் துணிபோல் ஆகிவிடும். பாவுக்கு அப்பால் சூரியன் இருக்கும்படி எதிர்ப்புறம் போய் நின்றால் ஒவ்வோர் இழையும் தனித்தனியே சுடர் விடும். சூரியன் எப்போதும் முதுகுக்குப் பின்னே இருக்கவேண்டும் என்ற பழைய சூத்திரத்தின் பெருமையும் சிறுமையும் ஒரே காலையில் விளங்கிவிடும். விசைத்தறிகள் பெருகிய பிறகு இந்தத் தெருக் காட்சி அருகி வருகிறது. ஆகையால் இந்தப் பாடத்தை அடுத்த மார்கழிக்கென்று ஒத்திப்போட வேண்டாம். படம் பிடிக்கும் ஆவலில் பாவின்மேல் போய் விழவும் வேண்டாம். இழை அறுந்தால் நஷ்டம் அவர்களுக்கு.

பங்குனி பிறந்ததும் வெயிலின் குணம் மாறுகிறது. ஏப்ரல் 20-ஆம் தேதியை ஒட்டிச் சேலத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். அந்நாட்களில் நண்பகலில் மனிதர் முகத்தை எடுத்தால் கண்கள் இரண்டும் குழிகளாகிவிடும். காலை எட்டரை மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது உத்தமம். அதற்குப் பிறகும் படம் பிடித்தே தீரவேண்டுமென்றால் ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளின் களங்களுக்குச் செல்லலாம். அங்கே ஜவ்வரிசி உலரும் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். காமிராவின் ஒளிமானியோ, எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கணக்கிடும் பேதை. அதன் சொல்லைக் கேட்டால் வெள்ளை ஜவ்வரிசி அழுக்கு மணலாகப் பதியும். மானி காட்டியதைப் போல் இரண்டு மடங்கு ஒளி விட்டால்தான் வெள்ளை வெள்ளையாகும்.

இன்னொரு விசேஷம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு 22 வரையில் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். மற்ற மாதங்களில் தெற்கே. நாமக்கல் கோட்டைப் பாறையின் வடமுகத்தை நல்ல ஒளியில் எடுக்க விரும்புகிறவர் ஆனி மாதம் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். தை மாதத்தில் போனால் நிழலைத்தான் எடுத்து வரலாம்.

மேகத்தைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு பழைய பிரயாணியை நினைக்க வேண்டும். காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, ராயக்கோட்டை முதலிய இடங்களை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை என்று சுற்றி, 1858 ஏப்ரலில் பிரயாணத்தை முடித்தார். ராயக்கோட்டை அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் படங்கள் 1858-லேயே தனித் தொகுதியாக வெளிவந்தன. அவர் கையாண்டது மெழுகு தோய்த்த காகித நெகடிவ். நீல ஒளி அதில் மிக விரைவாகப் பதிந்துவிடும். பாறையும் மரமும் பதிந்து முடிவதற்குள் வானம் அளவு கடந்து பதிந்து, படத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் என்ன செய்தார்? நெகடிவின்மேல் கையாலேயே மேகம் தீட்டிவிட்டார்!

இக்காலத்துக் கைபேசிகள், பல படங்களைக் கோத்து, நாம் கேளாமலே வானத்தைத் திருத்திக் கொடுக்கின்றன. கற்கிறவர் அந்த உபகாரத்தைச் சில மாதம் ஒதுக்கி வைப்பது நலம். டிரைப் பிரயாணம் செய்யாத மாதங்களில்தான் இந்தச் சமவெளியில் மெய்யான மேகங்கள் வருகின்றன. ஆடிக் காற்றில் மேகங்கள் ஓட, பரமத்தி வேலூர்க் கொடிக்கால்களில் வெயிலும் நிழலும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அகத்தி இலை அசைவதால் ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். புரட்டாசி மாலைகளோ இன்னும் அபூர்வமானவை. நாமக்கல்லுக்குக் கிழக்கே கொல்லிமலைக்குப் பின்னால் இடிமேகம் கறுத்து நிற்க, மேற்கிலிருந்து சாயும் வெயில் மலைச்சரிவில் மட்டும் விழும் வேளை ஒன்று உண்டு. அது பத்து நிமிஷம்கூட நிலைப்பதில்லை. வெயில் படும் சரிவுக்குத் தக்கபடி ஒளியை அளந்து வைத்தால் மேகம் கறுப்பாகவே பதியும். மேகத்தைப் பார்த்து அளந்தால் மலை வெளுத்துப் போகும்.

ஐப்பசி மழை தொடங்கியபின் காமிராவைத் தோலுறையில் மூடி அலமாரியில் வைக்கலாகாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸில் பூஞ்சை படரும். மழை விட்டு வெயில் வந்த நாட்களில் உறையின்றி வெளியே எடுத்துச் சிறிது காற்றாட வைத்தால் போதும்.